கோடை விடுமுறையும் குழந்தையின் பாடமும்

பங்குனி கழிந்து சித்திரை பிறந்து, முழுப் பரீட்சையின் கடைசித் தாளையும் எழுதி முடித்துவிட்டு வீடு திரும்பும் குழந்தை, புத்தகப் பையைக் கூடத்து மூலையில் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிற அந்த ஒரு கணத்தில் அதன் முகத்தில் தோன்றும் ஆனந்தம், ஆண்டு முழுவதும் அது சுமந்த பாரத்தின் அளவை நமக்கு உணர்த்துவதாகும். அதே கணத்தில் அதன் தாய் தந்தையர் மனத்தில் வேறொரு சிந்தனை எழுகிறது. பத்து மாத காலம் ஆசிரியரும் தாங்களும் சிரமப்பட்டுக் கற்பித்த வாய்ப்பாடும் வகுத்தலும் எழுத்துக்கூட்டலும், பள்ளி மீண்டும் திறக்கும் நாளில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்ற கவலையே அது. இந்தக் கவலைக்குத் தக்க காரணம் உண்டு. ஆனால் இதற்கு நம்மில் பலர் செய்துகொள்ளும் பரிகாரம் பெரும்பாலும் தவறானது என்பது என் அபிப்பிராயம். மறதி எவ்வாறு நேர்கிறது, எது முதலில் மறக்கிறது, எவ்வளவு சிறிய அப்பியாசம் அதைத் தடுக்கப் போதுமானது என்பவற்றைச் சற்று விரிவாகவே பார்ப்பது நல்லது.

முதலில் விடுமுறையின் நியாயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மே மாதம் 4-ஆம் தேதியை ஒட்டித் தொடங்கி 28-ஆம் தேதியை ஒட்டி நிவர்த்தியாகும் அக்கினி நட்சத்திர காலத்தில், வேலூரிலும் திருத்தணியிலும் திருச்சியிலும் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி நிற்கும்போது, காற்றோட்டம் குறைந்த வகுப்பறையில் நாற்பது குழந்தைகளை நெருக்கி உட்காரவைத்து எதையும் கற்பித்துவிட முடியாது. 2023-ஆம் ஆண்டு வெயிலின் உக்கிரம் தணியாமையால், ஜூன் மாதத் தொடக்கத்தில் திறக்க வேண்டிய பள்ளிகள் இருமுறை ஒத்திவைக்கப்பட்டு, பெரிய வகுப்புகள் 12-ஆம் தேதியும் சிறிய வகுப்புகள் 14-ஆம் தேதியும் தொடங்கின. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமும், ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 நாட்களும், ஆறு முதல் எட்டு வரை 220 நாட்களும் பள்ளி நடந்தால் போதும் என்றே வகுத்திருக்கிறது. எஞ்சிய நாட்கள் குழந்தைக்கு உரியவை. அவற்றில் ஒரு பகுதியை நாம் கேட்டு வாங்கிக்கொள்கிறோமேயன்றி, அவை நம்முடைய சொத்து அல்ல. இந்த எண்ணம் மனத்தில் நிலைத்துவிட்டால், பின்னால் சொல்லப்போகும் எதுவும் குழந்தைக்குத் தண்டனையாக மாறாது.

இனி மறதியைப் பற்றிச் சொல்வோம். ஜெர்மானிய அறிஞரான ஹெர்மன் எபிங்ஹாஸ், தம்மையே பரிசோதனைப் பொருளாக வைத்துக்கொண்டு, பொருளற்ற அசைகளைக் கோத்த வரிசைகளைப் பல ஆண்டுகள் நெட்டுருச் செய்து, அவற்றை மறந்தபின் மீண்டும் நெட்டுருச் செய்ய எவ்வளவு காலம் பிடிக்கிறது என்று பொறுமையோடு அளந்து, 1885-இல் ஒரு நூலாக வெளியிட்டார். இருபது நிமிஷம் கழித்து மீண்டும் படித்தபோது முதலில் பட்ட சிரமத்தில் ஏறத்தாழ 58 சதவீதம் மிச்சமாயிற்று. ஒரு நாள் கழித்துப் படித்தபோது 34 சதவீதம் மிச்சமாயிற்று. 31 நாள் கழித்துப் படித்தபோது 21 சதவீதம் மிச்சமாயிற்று. இந்தக் கணக்கில் பெற்றோர் கவனிக்கத் தக்க செய்திகள் இரண்டு அடங்கியிருக்கின்றன. மறதி முதல் சில மணி நேரத்திலும் முதல் சில நாட்களிலும் செங்குத்தாக வீழ்ந்து, பிறகு மெல்ல மெல்லவே குறைகிறது என்பது ஒன்று. ஒரு மாதம் கடந்தபின்னும் உழைப்பில் ஐந்தில் ஒரு பங்கு உள்ளே தங்கியிருக்கிறது என்பதும், ஆகையால் மறந்துவிட்டதாக நாம் எண்ணும் பாடத்தைத் திரும்பக் கற்பது புதிதாகக் கற்பதைவிட எளிது என்பதும் மற்றொன்று. பள்ளிப் பாடமோ பொருளற்ற அசைகளின் கோவையன்று. பொருள் விளங்கிக் கற்ற பாடம் இதைக் காட்டிலும் நெடுங்காலம் நிற்கும். ஜூன் மாதத்தில் ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லத் தடுமாறும் குழந்தையைப் பார்த்து, "எல்லாம் போச்சு!" என்று தலையில் கைவைத்துக்கொள்ளும் தாய்மார்களுக்கு இது ஆறுதலான விஷயம்.

எவை அதிகம் மறக்கின்றன என்ற கேள்விக்கும் விடையுண்டு. அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பர் என்பவரும் அவருடன் உழைத்தவர்களும், கோடை விடுமுறையில் மாணவர் இழப்பதைப் பற்றி அந்நாட்டில் அதுவரை நடந்திருந்த 39 ஆராய்ச்சிகளைத் தொகுத்து ஆராய்ந்து 1996-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சராசரி மாணவன் விடுமுறையில் ஏறக்குறைய ஒரு மாதப் படிப்பை இழக்கிறான் என்றும், அந்த இழப்பு கணக்குப் போடும் பயிற்சியிலும் எழுத்துக்கூட்டலிலுமே மிகுதி என்றும் அவர்கள் கண்டார்கள். பின்வந்த ஆராய்ச்சியாளர் சிலர் இழப்பின் அளவைப் பற்றி ஐயம் எழுப்பியிருக்கிறார்கள். அவர்களுடைய விடுமுறையும் நம்முடையதைவிட நீண்டது. ஆயினும் இழப்பு எங்கே நேர்கிறது என்ற விஷயத்தில் நம் வீட்டு அனுபவமும் அதையே சொல்கிறது. கதையின் சாரத்தையும், விதை முளைக்கும் விதத்தையும் குழந்தை எளிதில் மறப்பதில்லை. கடன் வாங்கிக் கழிக்கும் முறையையும், நீள் வகுத்தலின் படிகளையும், 'பள்ளி'யில் எந்த ளகரம், 'பழத்'தில் எந்த ழகரம் என்பதையும் மறந்துவிடுகிறது. கை வழக்கத்தினால் மட்டுமே நிற்கக்கூடிய வித்தைகள் கை நின்றதும் நழுவுகின்றன.

கூப்பர் கண்ட இன்னொரு செய்தி என் மனத்தை மிகவும் பாதித்தது. வசதியுள்ள வீட்டுக் குழந்தைகள் விடுமுறையிலும் வாசிப்பில் சிறிது முன்னேறியே வந்தார்கள். ஏழை வீட்டுக் குழந்தைகள் பின்னடைந்தார்கள். பால்டிமோர் நகரத்தில் 1982-இல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தைகளை அவர்கள் வளர்ந்து பெரியவர்களாகும் வரை பின்தொடர்ந்து கவனித்த கார்ல் அலெக்ஸாண்டர், டோரிஸ் என்ட்விசில் முதலியோரும் இதையே கண்டார்கள்: பள்ளி நடக்கும் மாதங்களில் ஏழைக் குழந்தையும் செல்வர் வீட்டுக் குழந்தையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் முன்னேற, கோடை மாதங்களிலேயே இருவருக்கும் இடையில் உள்ள தூரம் அகன்றது. அந்த நகரத்து ஆசிரியர்கள் குழந்தைகளிடம் பேதம் காட்டியதால் நேர்ந்ததன்று இது. வீட்டில் புத்தகம் இருந்ததும் இல்லாததும், கேட்ட கேள்விக்கு விடை சொல்ல ஒருவர் இருந்ததும் இல்லாததுமே காரணம். நம் நாட்டில் இந்த உண்மையைப் பெருந்தொற்றுக் காலம் மிகக் கடுமையாகவே காட்டிவிட்டது. 2020 மார்ச்சில் மூடிய தமிழ்நாட்டுப் பள்ளிகளில், ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் முதல் தேதிதான் மீண்டும் திறந்தன. இடைவெளியை நிரப்ப அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டத்தில், மாலை வேளைகளில் தன்னார்வலர்கள் தெருத் திண்ணைகளிலும் கோயில் மண்டபங்களிலும் குழந்தைகளை உட்காரவைத்துப் பழைய எழுத்துக்களையும் எண்களையும் மறுபடி சொல்லிக்கொடுத்ததைப் பார்த்தவர்களுக்கு, நீண்ட இடைவெளி என்ன செய்யும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

நம் முன்னோர் நடத்திய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் 'வாவு' நாட்களே வழக்கமான விடுமுறையாக இருந்தன. அதனால் படிப்பின் இடையீடுகள் சிறியனவாகவும் அடிக்கடி வருவனவாகவும் அமைந்தன. உபாத்தியாயரின் முன் பிள்ளைகள் எண்சுவடியை ஒரே குரலில் சொல்வார்கள். முழு எண்கள் மட்டுமின்றி, முக்கால், அரை, கால், இருபதில் ஒரு பங்காகிய மா, எண்பதில் ஒரு பங்காகிய காணி, முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய முந்திரி என்ற பின்னங்களின் பெருக்கல் வாய்ப்பாடுகளும் அவர்களுடைய நாவில் இருந்தன. பிரம்புக்கு அஞ்சி நெட்டுருச் செய்த அந்த முறையை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தினந்தோறும், சிறிது நேரம், வாய்விட்டு, ஏடு பாராமல் சொல்வது என்ற அதன் ஓர் அங்கத்தை மட்டும் விடுமுறைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பதே என் கருத்து.

நாம் செய்யும் பிழைகளில் தலையாயது, அடுத்த வகுப்பின் பாடத்தை விடுமுறையிலேயே தொடங்கிவிடுவது. ஐந்தாம் வகுப்பு முடித்த குழந்தைக்கு ஆறாம் வகுப்புப் புத்தகத்தை மே மாதத்திலேயே வாங்கிக்கொடுத்து, ஜூன் மாதத்துக்குள் மூன்று பாடம் 'முடித்துவிட்டோம்' என்று மகிழும் பெற்றோர், அந்தக் குழந்தை நாலாம் வகுப்பில் விட்ட வகுத்தல் கணக்கை இன்னும் பிடிக்கவில்லை என்பதைக் கவனிப்பதில்லை. அடியில் உள்ள பள்ளம் அப்படியே இருக்க, அதன்மேல் புதிய பாடம் ஏறுகிறது. வகுப்பிலோ, அரைகுறையாகக் கேட்ட பாடத்தை ஆசிரியர் தொடங்கும்போது, "எனக்குத் தெரியும்" என்ற எண்ணத்தில் குழந்தையின் கவனம் சிதறுகிறது. பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் செல்லும் மாணவர்களின் விஷயத்தில் அவசரம் இன்னும் அதிகம். ஆனால் ஒன்பதாம் வகுப்பின் காரணிப்படுத்துதலில் தடுமாறும் மாணவனுக்குப் பத்தாம் வகுப்பின் இருபடிச் சமன்பாட்டை முன்கூட்டிச் சொல்லிக்கொடுப்பதால் என்ன பிரயோஜனம் என்று டியூஷனுக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

ஆகவே விடுமுறையில் பின்னோக்கிப் பார்ப்பதே உசிதம். இதற்கு வேண்டிய கருவி வீட்டிலேயே இருக்கிறது. முழுப் பரீட்சை முடிந்த மறுவாரமே பழைய நோட்டுகளைக் கட்டி, பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டுவிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. தயவுசெய்து ஜூன் மாதம் வரை பொறுத்திருங்கள். அந்தக் கணக்கு நோட்டையும், திருத்திக் கொடுத்த பருவத் தேர்வுத் தாள்களையும் ஒரு மாலை நேரம் அமைதியாகப் புரட்டிப் பார்த்தால், குழந்தை எங்கே வழுக்குகிறது என்பது வெட்டவெளிச்சமாகத் தெரியும். கூட்டலில் பிழையே இல்லாத குழந்தை, மேல் எண்ணில் சைபர் வந்தால் மட்டும் கழித்தலில் தவறுகிறது. பெருக்கலில் தேர்ந்த குழந்தை, பின்னங்களைக் கூட்டும்போது மேலெண்ணோடு மேலெண்ணையும் கீழெண்ணோடு கீழெண்ணையும் கூட்டிவிடுகிறது. இத்தகைய இரண்டு அல்லது மூன்று இடங்களைக் கண்டுபிடித்து, விடுமுறை முழுவதற்கும் அவற்றையே இலக்காக வைத்துக்கொண்டால் போதும். எல்லாப் பாடத்தையும் மீண்டும் ஓட்டிப் பார்க்க முயல்வது, குழந்தைக்கு அலுப்பையும் நமக்குக் கோபத்தையும் தருவதோடு முடியும்.

எப்படிப் படிக்கச் செய்வது என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், மாணவர்களில் ஒரு சாராரை ஒரு பகுதியைப் படித்தபின் மீண்டும் படிக்கச் சொன்னார்கள். மற்றொரு சாராரை, படித்தபின் புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் நிற்பதை எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே மேலாக நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, திரும்பப் படித்தவர்கள் 42 சதவீதமும், நினைவிலிருந்து எழுதியவர்கள் 56 சதவீதமும் ஞாபகத்தில் வைத்திருந்தார்கள். பார்த்துப் பார்த்துப் படிப்பது படித்துவிட்டோம் என்ற திருப்தியைத் தருகிறது. பாராமல் நினைவுகூரும் சிரமமே படித்ததை மனத்தில் ஊன்றச் செய்கிறது. ஆகையால், "புத்தகத்தை எடுத்து வச்சுக்கிட்டு உட்காரு" என்று அதட்டுவதைவிட, கீரை ஆய்ந்துகொண்டே, "கண்ணு, நேத்து ராத்திரி படிச்சியே அந்தக் கதை, அதுல அந்த வண்டிக்காரர் கடைசியா என்ன பண்ணினார்? அம்மாவுக்கு மறந்துபோச்சு, சொல்லேன்" என்று கேட்பது பன்மடங்கு பலன் தரும். குழந்தை இரண்டு இடத்தில் தடுமாறும், தடுமாறட்டும். உடனே எடுத்துக்கொடுக்காமல் சற்றுப் பொறுத்திருப்பதில்தான் பெற்றோரின் திறமை இருக்கிறது.

எவ்வளவு நேரம் என்று கேட்பவர்களுக்கு, குறைவான நேரம் என்பதே என் விடை. ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு எழுத்து வேலையே வேண்டாம். அந்த வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கலாகாது என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட்டிருக்கும்போது, விடுமுறையில் நாம் அதைப் புகுத்துவது நியாயமாகாது. கதை கேட்பதும், கடைப் பலகையில் தெரிந்த எழுத்தைத் தேடிப் படிப்பதும், படிக்கட்டை எண்ணுவதும் அவர்களுக்குப் போதும். மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, காலையில் வெயில் ஏறுவதற்கு முன் அரை மணி நேரமும், வாசிப்புக்கு மாலையிலோ படுக்கப் போகும் முன்போ அரை மணி நேரமும் கிடைத்தால் நிறைவானது. ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் சேர்த்துப் படிப்பது தினம் அரை மணி நேரத்துக்கு ஈடாகாது. இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப வருவதே ஞாபகத்துக்கு உறுதி. பாட்டி வீட்டுக்கோ திருவிழாவுக்கோ சென்ற நாட்களில் அதையும் விட்டுவிடலாம். எபிங்ஹாஸின் கணக்கு நமக்குத் தெரியுமாதலால், ஒரு வாரம் போனால் ஊரே போய்விட்டது என்று பதற வேண்டியதில்லை.

கணக்கைப் பொறுத்தவரை, பயிற்சிப் புத்தகத்தைவிட வீடே நல்ல பள்ளி. மின்சார மீட்டரில் ஓடும் எண்ணைத் தினம் காலையில் குழந்தையே பார்த்து ஒரு நோட்டில் எழுதி, நேற்றைய எண்ணை இன்றைய எண்ணிலிருந்து கழித்துப் பார்க்கும்படி பழக்கினால், கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு ஒரு மாதத்தில் முப்பது முறை, ஒரு காரணத்தோடு, நடந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் வீட்டு மின்னிணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை என்று சொல்லி, அந்த வரம்பை நம் வீடு எந்தத் தேதியில் தாண்டும் என்று கணித்துப் பார்க்கச் சொன்னால், ஐந்தாம் வகுப்புக் குழந்தை சராசரி என்பதைத் தானே கண்டுபிடித்துவிடும். எட்டாம் வகுப்பு மாணவனாயின், 75 வாட் மின்விசிறி பத்து மணி நேரம் சுழன்றால் முக்கால் யூனிட் செலவாகிறது என்ற கணக்கிலிருந்து தொடங்கி, வீட்டின் ஒவ்வொரு கருவிக்கும் கணக்கெழுதலாம். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்றால், ஆறு ஆழாக்கு அரிசிக்கு எவ்வளவு உளுந்து என்று அடுக்களையில் கேட்கும் கேள்வி, விகிதத்தையும் பின்னத்தையும் ஒருங்கே கற்பிக்கிறது. விளையாட்டுக்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பதினான்கு குழிகளில் காய்களைப் பகிர்ந்துகொண்டே போகும் பல்லாங்குழியில், எந்தக் குழியில் எடுத்தால் எங்கே முடியும் என்று முன்கூட்டி எண்ணிப் பார்க்கும் குழந்தை, பாட்டியை ஜயிக்கும் ஆசையிலேயே மனக்கணக்கில் தேர்ந்துவிடும். மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் கொண்ட ஆடுபுலி ஆட்டமோ, இரண்டு மூன்று நகர்வுகளுக்கு அப்பால் யோசிக்கும் வழக்கத்தைத் தருகிறது.

எழுத்துக்கு வருவோம். ஏதோ ஒரு பக்கத்தைப் பார்த்து எழுதச் சொல்வதில் குழந்தையின் கண்ணும் கையும் வேலை செய்கின்றனவேயன்றி, சித்தம் வேறெங்கோ திரிகிறது. நாலைந்து வரிகளை நாம் மெதுவாகச் சொல்ல, குழந்தை கேட்டு எழுதி, பிறகு புத்தகத்தைப் பார்த்துத் தானே சிவப்பு மையால் திருத்திக்கொள்வது இதைவிட மேலானது. லகர ளகர ழகரங்களும், ரகர றகரங்களும், ஒற்று மிகும் இடங்களும் இவ்வகையில்தான் படியும். ஆங்கில ஸ்பெல்லிங்குக்கும் இதே வழி. இன்னும் ஒன்று செய்யலாம். ஐம்பது காசுக்குத் தபாலாபீஸில் அஞ்சலட்டை கிடைக்கிறது. அதில் இடம் குறைவு. ஆகையால் சொல்ல வேண்டியதைத் தேர்ந்து, சுருக்கமாக, பிறர் படிக்கும்படியான கையெழுத்தில் எழுதியாக வேண்டும். ஊரிலுள்ள தாத்தாவுக்கு வாரம் ஒன்று எழுதி, தானே முகவரியும் அஞ்சல் குறியீட்டு எண்ணும் இட்டுத் தபால்பெட்டியில் போடும் குழந்தை, கடிதம் எழுதுதல் என்று பாடப் புத்தகத்தில் பத்து மதிப்பெண்ணுக்கு வரும் விஷயம் எதற்காக ஏற்பட்டது என்பதை உணர்ந்துகொள்கிறது. தாத்தா பதில் எழுத வேண்டும். தொலைபேசியில் சொல்லி முடித்துவிடக் கூடாது.

கோடைக்கே உரிய விஞ்ஞானப் பாடம் ஒன்று வெயிலிலேயே கிடைக்கிறது. சூரியன் வடக்கு நோக்கி நகரும் இந்த மாதங்களில், ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் கன்னியாகுமரியிலும், பின்னர் படிப்படியாக வடக்கே நகர்ந்து, ஏப்ரல் கடைசி வாரத்தில் சென்னையிலும் ஒரு நாள் நடுப்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் நிற்கும். செங்குத்தாக நட்ட கோலுக்கு அந்தச் சில நிமிஷங்களில் நிழலே விழாது. அந்நாள் கழிந்தபின், மே மாதம் முழுவதும் உச்சிவேளை நிழல் தெற்கு நோக்கி விழும். மொட்டைமாடியில் ஒரு சாண் குச்சியைக் களிமண்ணில் நட்டு, நிழலின் நுனியில் சுண்ணக்கட்டியால் தினம் ஒரு புள்ளி வைத்துவரும் குழந்தை, பூமியின் சாய்வைப் பற்றிப் பின்னால் படிக்கும் பாடத்தில் பாதியைத் தானே கண்டுவிடும். பாடத்தைக் காட்டிலும் கண்டறியும் பழக்கம் பெரிது என்பதனால் இதைச் சொல்கிறேன்; வெயிலில் நிற்கும் நேரம் இரண்டு நிமிஷத்துக்கு மேற்படாதபடி பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது வாசிப்பு. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் ரிச்சர்ட் அலிங்டனும் ஆன் மக்கில்-ஃப்ரான்சனும் ஏழைக் குழந்தைகள் படிக்கும் தொடக்கப்பள்ளிகளில் ஒரு முயற்சி செய்தார்கள். கோடை தொடங்கும் முன் ஒவ்வொரு குழந்தையும் தனக்குப் பிடித்த பன்னிரண்டு புத்தகங்களைத் தானே தேர்ந்தெடுத்து எடுத்துச் செல்லலாம். இவ்வாறு தொடர்ந்து மூன்று கோடைகள் நடந்தது. பாடம் இல்லை, பரீட்சை இல்லை. அந்தக் குழந்தைகள், புத்தகம் பெறாத குழந்தைகளைவிட வாசிப்பில் மேலாக நின்றார்கள் என்று அவர்கள் 2010-இல் வெளியிட்டார்கள். தானே தேர்ந்தெடுத்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். குழந்தை படக்கதையைக் கையில் எடுத்தால் அதைப் பிடுங்கி நீதிநூலைத் திணிப்பவர்கள், வாசிப்பின் வேரையே அறுத்துவிடுகிறார்கள். 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவை மரத்தடியிலும் ரயில் பயணத்திலும் படித்து வளர்ந்த தலைமுறையினரில் பலர் பின்னாளில் தேர்ந்த வாசகர்களானது, எவரும் அவர்களை வற்புறுத்தியதாலன்று.

புத்தகத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி நம் ஊரில் எழ வேண்டியதில்லை. சீர்காழியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராயிருந்து, பின்பு நூலகத்துக்கே தம் வாழ்வை அர்ப்பணித்த எஸ். ஆர். ரங்கநாதன், நூலகவியலின் ஐந்து விதிகளை வகுத்து வெளியிட்ட அதே 1931-ஆம் ஆண்டில், மன்னார்குடிக்கு அருகேயுள்ள மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுசெல்லும் நூலகம் ஒன்று புறப்பட்டது. 1948-இல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராயிருந்தபோது, சுதந்திர இந்தியாவிலேயே முதன்முதலாகச் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அந்தச் சட்டத்தின்படி நாம் ஒவ்வொருவரும் வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்திவருகிறோம். பணம் நாம் கொடுக்கிறோம். புத்தகம் நம் தெருவுக்கு அருகிலேயே இருக்கிறது. குழந்தைகளை அழைத்துச் செல்வதுதான் இல்லை. சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதிகள் அழகாக அமைந்திருக்கின்றன. ஆனால் தொலைவிலுள்ள பெரிய நூலகத்துக்கு விடுமுறையில் ஒரு நாள் சென்று வருவதைவிட, அருகிலுள்ள சிறிய கிளை நூலகத்துக்கு வாரம் இருமுறை நடந்து சென்று வருவதே வழக்கமாக நிலைக்கும். பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விடுமுறையில் எந்தக் குழந்தைகள் அதிகம் இழக்கிறார்கள் என்பதை முன்னமே பார்த்தோம். இந்தக் கட்டுரையைப் படிக்கும் வீடுகளில் உள்ள குழந்தைகள் பெரும்பாலும் அவர்களல்லர். நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளின் மகனும், தெருமுனையில் துணி தேய்ப்பவரின் மகளும், அடுத்த மனையில் கட்டட வேலைக்கு வந்து தங்கியிருப்பவர்களின் குழந்தைகளும் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை ஓர் எழுத்தைக்கூடக் காணாமல் இருந்துவிடக்கூடும். ஆகவே வாசகர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: இந்தக் கோடையில் உங்கள் குழந்தையைக் கிளை நூலகத்துக்கு அழைத்துச் செல்லும் அன்று, அந்தக் குழந்தைகளில் ஒருவரையும் உடன் அழைத்துச் சென்று, அதற்குரிய சொற்ப முன்பணத்தை நீங்களே கட்டி, இருவர் பெயரிலும் உறுப்பினர் அட்டை வாங்கிக்கொடுங்கள்.